கழுத்தும் சேர்ந்து பார்க்கும் கண்ணாடி

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னதாகச் சிங்கப்பூரிலிருந்து வந்த தம்பியின் பெட்டிக்குள் இந்த முறை ஒரு மெய்நிகர்க் கண்ணாடி இருந்தது. வி.ஆர். ஹெட்செட் என்று கடைகளில் சொல்வது. நீச்சல்காரர் போடும் கண்ணாடியைப் பெரிதாக்கி, முன்பக்கத்தை அடைத்துவிட்டதுபோல ஒரு வெள்ளைப் பெட்டி. கைக்கு ஒன்றாக இரண்டு பிடிகள். வீட்டுப் பிள்ளைகள் முறை வைத்து மாட்டிக்கொண்டு காற்றில் கை வீசிக்கொண்டிருந்தார்கள். தம்பியின் அப்பாவான சித்தப்பா மட்டும் தொடவில்லை. மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தெரியாமல் எதிலும் கை வைக்க மாட்டார்.

சாயங்காலம் திண்ணையில் டீ வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீதான் பிள்ளைங்களுக்குப் பௌதிகம் சொல்லிக் குடுக்குறவன். கண்ணுக்கு ரெண்டு விரக்கடைத் தூரத்துல திரை இருக்கு. ஆனா கடல் தெரியுது, மலை தெரியுதுங்கிறானுக. பக்கத்துல இருக்குறது எப்படித் தூரத்துல தெரியும்? அதச் சொல்லு மொதல்ல."

நல்ல கேள்வி. இந்தக் கருவியைப் பற்றிய முக்கால்வாசி விஷயம் அதற்குள் இருக்கிறது. அன்று அவருக்குச் சொன்னதையும், அவர் கேட்டுக் கேட்டு என்னிடமிருந்து வரவழைத்ததையும் இங்கே எழுதுகிறேன்.

டீ கிளாஸைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டச் சொன்னேன். இடது கண்ணை மூடி, வலது கண்ணால் விரலைப் பாருங்கள். பிறகு மாற்றி மூடுங்கள். விரல் அசையவே இல்லை. ஆனால் பின்னால் நிற்கும் தென்னையை ஒட்டி அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவும். நம் இரண்டு கண்களுக்கு நடுவே ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி. அதனால் இரண்டு கண்ணும் ஒரே காட்சியைப் பார்ப்பதில்லை. சற்றே வேறுபட்ட இரண்டு படங்கள் உள்ளே போகின்றன. மூளை அந்த வேறுபாட்டைக் கணக்குப் பார்த்து, எது கிட்டே, எது எட்டே என்று சொல்கிறது. ஆழம் என்பது கண்ணில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

அப்படியானால், தட்டையான இரண்டு படங்களை அதே வேறுபாட்டோடு வரைந்து, இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று என்று தனித்தனியே காட்டினால்? மூளை ஏமாறும். இதை 1838-ல் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டோன் முகம் பார்க்கும் கண்ணாடிகளை வைத்துச் செய்துகாட்டிவிட்டார். புகைப்படக் கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டதே அதற்கு அடுத்த ஆண்டுதான். 1849-ல் டேவிட் ப்ரூஸ்டர் லென்ஸ் வைத்துக் கையடக்கமான பெட்டியாக அதை மாற்றினார். பிள்ளைகள் தலையில் மாட்டியிருக்கும் பெட்டிக்கு அதுதான் பாட்டன்.

இந்தக் கதையில் நம் புதுக்கோட்டைக்கும் இடம் உண்டு. சென்னை மாகாண அரசு லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியைப் புகைப்படக்காரராக நியமித்திருந்தது. அவர் 1857 கடைசியில் கிளம்பி, கருவிகளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். புதுக்கோட்டைக்கும் வந்தார். 1858-ல் வெளியான அவருடைய தொகுப்புகளில் புதுக்கோட்டைக்கென்றே ஓர் ஆல்பம் இருக்கிறது. அதே பயணத்தில் மதுரை, திருச்சி, தஞ்சாவூர்ப் பகுதிகளை இரட்டைப் படங்களாகவும் எடுத்தார். பெட்டிக்குள் செருகிப் பார்த்தால் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து நிற்கும் படங்கள். நம் கோயில்களை வீட்டில் உட்கார்ந்தபடி ஆழத்தோடு பார்க்கிற வசதி அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது. பார்த்தவர்கள் பெரும்பாலும் இங்கே இருந்தவர்கள் இல்லை என்பதுதான் எனக்கு உறுத்தும் விஷயம்.

"சரி, ரெண்டு படம். அது இருக்கட்டும். கண்ணுக்கிட்ட ஒரு பொருளக் கொண்டுபோனா மங்கித்தானே போகும்?" என்றார் சித்தப்பா. விடுகிற ஆள் இல்லை.

மங்கும். இளைஞர்களுக்கே கிட்டத்தட்ட 25 சென்டிமீட்டருக்கு உள்ளே வந்தால் எழுத்தைப் பார்ப்பது சிரமம்; சித்தப்பா வயதில் கேட்கவே வேண்டாம். அதற்காகத்தான் திரைக்கும் கண்ணுக்கும் நடுவில் ஒரு குவிலென்ஸ். பூதக்கண்ணாடி என்றால் புரியும். திரையிலிருந்து விரிந்துவரும் ஒளிக்கதிர்களை அது மடக்கி, ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் பொருளிலிருந்து வருவதுபோல ஆக்கிவிடுகிறது. கண் அந்தத் தூரத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொண்டு நிம்மதியாகப் பார்க்கிறது. இதனால் பெரியவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பேப்பர் படிக்கப் போடும் வெள்ளெழுத்துக் கண்ணாடி இதற்குள் பெரும்பாலும் வேண்டியிருக்காது. தூரத்தில் இருப்பதைப் பார்ப்பதற்காகக் கண்ணாடி போடுகிறவர்கள் மட்டும் அதைப் போட்டுக்கொண்டுதான் பார்க்க வேண்டும். அப்போது இரண்டு கண்ணாடியும் உரசிக் கீறல் விழாமல் இருக்க, பல ஹெட்செட்களில் நடுவே வைக்க ஒரு சட்டம் தருகிறார்கள் அல்லது லென்ஸைப் பின்னுக்குத் தள்ள வழி வைத்திருக்கிறார்கள்.

இதுவரை சொன்னதில் புதுசு ஒன்றும் இல்லை. திருவப்பூர் மாரியம்மன் திருவிழாக் கடையில் சின்ன வயதில் வாங்கிய சிவப்புப் பெட்டியும் இதே வேலையைத்தான் செய்தது. வட்ட அட்டையைச் செருகி, பக்கத்து விசையை அழுத்த அழுத்த ஏழு காட்சிகள் வரும். அட்டையில் இருந்தது பதினான்கு படம். 1984-ல் வந்த மலையாளப் படம் 'மை டியர் குட்டிச்சாத்தான்' இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். அடுத்த ஆண்டே தமிழில் 'அன்னை பூமி' வந்தது. கொட்டகையில் கொடுத்த கண்ணாடி, திரையில் கலந்து விழுந்த இரண்டு படங்களைக் கண்ணுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தது. ஐஸ்கிரீம் மூக்குக்கு நேரே வந்ததும் கை நீட்டாத பிள்ளை இல்லை.

ஆனால் கொட்டகையில் தலையைத் திருப்பினால் என்ன தெரியும்? பக்கத்து சீட்டுக்காரர். சிவப்புப் பெட்டியோடு திரும்பினால் அதே தாஜ்மகால்தான் கூடவே திரும்பும். இங்கேதான் புதுக் கண்ணாடி வேறாகிறது. நீங்கள் இடப்பக்கம் திரும்பினால், அந்த உலகத்தின் இடப்பக்கம் தெரியும். அண்ணாந்தால் வானம். குனிந்தால் தரை. பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினால் பின்னால் ஏதோ நிற்கும். கண் மட்டும் செய்துவந்த வேலையில் கழுத்தும் சேர்ந்துகொள்கிறது. நாம் நிஜ உலகத்தைப் பார்ப்பதே அப்படித்தானே? ஒரு தெருவில் நுழைந்ததும் கண்ணை மட்டுமா உருட்டுகிறோம்? கழுத்து, தோள், இடுப்பு எல்லாம் சேர்ந்துதான் பார்க்கின்றன. படம் நம் கழுத்துக்குக் கட்டுப்பட்டதும், "இது படம்" என்கிற நினைப்பு மூளையிலிருந்து நழுவிவிடுகிறது.

இதை முதலில் செய்துகாட்டியவர் அமெரிக்காவின் ஐவன் சதர்லேண்ட், 1968-ல். அவருடைய கருவி கனத்தால் தலையில் நிற்காமல் உட்கூரையிலிருந்து தொங்கியது. கம்பிக்கோடுகளால் ஆன பெட்டி உருவங்களைத்தான் காட்டியது. அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுக்கு மேல் இது ஆய்வுக்கூடங்களிலும் விமானிப் பயிற்சியிலும் கிடந்தது. வீட்டுக்குள் வர வழி திறந்தது செல்போன். கோடிக்கணக்கில் செல்போன் செய்ததால்தான் சின்னஞ்சிறு கூர்மையான திரைகளும், அசைவை அளக்கும் சில்லுகளும் மலிவாயின. அந்தப் பாகங்களை வைத்துத்தான் 2012-ல் பாமர் லக்கி என்கிற 19 வயதுப் பையன் 'ஓக்குலஸ் ரிஃப்ட்' ஹெட்செட்டுக்குப் பொதுமக்களிடம் பணம் திரட்டினான். 2014-ல் அந்த நிறுவனத்தை ஃபேஸ்புக் 200 கோடி டாலருக்கு விலை பேசியது. இன்று 'மெட்டா குவெஸ்ட்' என்று வருவது அந்த வழி.

அதே 2014-ல் கூகுள் ஒரு அட்டைப்பெட்டியை அறிமுகம் செய்தது. மடித்து லென்ஸ் பொருத்திய அட்டை. உள்ளே நம் போனையே வைத்துவிட வேண்டியது. அந்த மாதிரிப் பிளாஸ்டிக் பெட்டிகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. ஊரில் பலர் வாங்கி, ஒருநாள் பார்த்துவிட்டு அலமாரியில் போட்டுவிட்டதற்கு ஒரு காரணம் உண்டு. தலை எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது என்பதை அளக்கும் ஜைராஸ்கோப் சில்லு, விலை குறைந்த பல போன்களில் கிடையாது. அது இல்லாவிட்டால் படம் கழுத்துக்குக் கட்டுப்படாது. வாங்கும் முன் போனின் விவரப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்தச் சில நூறு ரூபாயும் வீண்.

இன்னொரு வேறுபாடும் பலரைக் குழப்புகிறது. தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டை வைத்துச் சொன்னேன். கேலரியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். வாடிவாசலைப் பார்க்கலாம், மேடையைப் பார்க்கலாம், பின்னால் மரத்தில் ஏறி நிற்பவனையும் பார்க்கலாம். ஆனால் இடத்தை விட்டு எழ முடியாது. யூடியூபில் வரும் 360 டிகிரி வீடியோ அப்படிப்பட்டது. கேமரா எங்கே நின்றதோ அங்கேதான் நீங்கள் நிற்கலாம். விளையாட்டுகள் அப்படி இல்லை. களத்துக்குள்ளேயே இறங்கியதுபோல. ஓரடி முன்னால் வைத்தால் பொருள் ஓரடி கிட்டே வரும். குனிந்தால் மேசைக்கு அடியில் தெரியும். தம்பி கொண்டுவந்த மாதிரி ஹெட்செட்டின் வெளிப்புறத்தில் சின்னக் கேமராக்கள் இருக்கின்றன. அவை உங்களைப் படம் பிடிப்பதற்காக இல்லை. வீட்டின் சுவர் மூலை, ஜன்னல் விளிம்பு, நாற்காலிக் கால் இவற்றை அடையாளம் வைத்துக்கொண்டு, தலை எங்கே இருக்கிறது என்று ஓயாமல் அளந்துகொண்டிருக்கும். அதனால்தான் விளக்கை அணைத்துவிட்டால் அது தடுமாறுகிறது.

"அந்தக் கணக்கெல்லாம் போட்டு முடிக்கிறதுக்குள்ள நான் திரும்பிட மாட்டேனா?" என்றார். அதுவேதான் இந்தத் தொழிலின் பெரும்பாடு. தலை திரும்பியதற்கும் படம் மாறியதற்கும் நடுவில் ஏறக்குறைய 20 மில்லிசெகண்டுக்கு மேல் போகக்கூடாது என்பார்கள். ஒரு விநாடியை ஐம்பது துண்டாக்கினால் அதில் ஒன்று. அதற்காக விநாடிக்கு 72, 90, 120 தடவை என்று படத்தைப் புதிதாக வரைந்துகொண்டே இருக்கிறது அந்தச் சின்னப் பெட்டி. தாமதம் கூடினால் தலை சுற்றும்.

தலைச்சுற்றலைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அன்று மதியம்தான் எங்கள் அத்தை மகள் ஒருத்தி இதை மாட்டிக்கொண்டு ரோலர்கோஸ்டர் பார்த்துவிட்டு, வாந்தி வருகிறது என்று படுத்துவிட்டாள். காதுக்குள்ளே மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. அவற்றில் நீர்மம். தலை அசைந்தால் நீர்மம் அசையும். உடம்பு அசைகிறது என்று மூளைக்குத் தகவல் போகும். கொடைக்கானல் மலைப்பாதையில் பஸ்ஸுக்குள் குனிந்து புத்தகம் படித்தால் என்ன ஆகிறது? காது "அசைகிறோம்" என்கிறது, கண் "இல்லையே, எழுத்து அப்படியே இருக்கிறதே" என்கிறது. இரண்டு சாட்சியும் ஒத்துப்போகாததால் வயிறு புரட்டுகிறது. கண்ணாடிக்குள் இதே வழக்குத் தலைகீழ். கண் "பாய்ந்து போகிறோம்" என்கிறது. காது "நாற்காலியில்தானே இருக்கிறோம்" என்கிறது.

ஆகவே புதிதாக மாட்டுகிறவருக்கு ரோலர்கோஸ்டரைக் காட்டுவது பெரிய தப்பு. எல்லா வீட்டிலும் வேடிக்கைக்காக முதலில் அதைத்தான் காட்டுகிறார்கள். ஒரே நாளில் அவருக்கு அந்தக் கருவியே வெறுத்துப்போகிறது. முதலில் கொடுக்க வேண்டியது, உலகம் அசையாமல் நின்று நாம் மட்டும் அசைகிற விளையாட்டு. 'பீட் சேபர்' என்று ஒன்று இருக்கிறது; செக் நாட்டில் உருவாகி 2018-ல் வந்தது. பாட்டின் தாளத்துக்கு எதிரே கட்டைகள் மிதந்துவரும்; இரண்டு கையிலும் ஒளிவாள் வைத்து வெட்ட வேண்டும். நிற்கிற இடம் மாறாது. உடம்பு செய்வதும் கண் பார்ப்பதும் ஒத்துப்போகும். சிலம்பம் பழகும் பெண்பிள்ளை ஒருத்தி அன்று அதில் எல்லோரையும் மிஞ்சிவிட்டாள். மணிக்கட்டுப் பழக்கம் இருந்தது.

வயிற்றைப் புரட்டுவதுபோல் தோன்றிய உடனே கழற்றிவிட வேண்டும். பழகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் அன்று முழுக்கத் தொந்தரவு. பத்து நிமிடத்தில் தொடங்கி, நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டு போவதே நல்லது. கண்ணுக்கும் ஒரு சங்கடம் உண்டு. கண்ணாடிக்குள் ஒரு பூவை மூக்குக்கு நேரே கொண்டுவந்தால், இரண்டு கண்ணும் அதைப் பார்க்க உள்நோக்கிக் குவியும். ஆனால் ஒளி வருவதோ எப்போதும் அந்த ஒன்றரை, இரண்டு மீட்டர்க் கணக்கிலேயே. குவிவது ஒரு தூரத்துக்கு, தெளிவைச் சரிசெய்வது இன்னொரு தூரத்துக்கு. கண்ணின் தசைகள் இப்படி இரண்டாகப் பிரிந்து வேலை செய்து பழக்கப்பட்டவை இல்லை. அரைமணிக்கு ஒருமுறை கழற்றிவிட்டு வாசலில் நின்று தூரத்தில் எதையாவது பாருங்கள். சின்னக் குழந்தைகளுக்கு இது வேண்டவே வேண்டாம்; மெட்டா குவெஸ்ட் செய்கிறவர்களே பத்து வயதுக்குக் கீழே கூடாது, அதற்கு மேலும் பெற்றோர் கண்காணிப்பில்தான் என்று சொல்கிறார்கள். அவர்களுடைய கண்களுக்கு நடுவே இடைவெளியும் குறைவு, லென்ஸ் பொருந்தாது. வலிப்பு வருகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாட்டக்கூடாது.

இனி நம் வீடு. இந்தக் கருவியோடு வரும் கையேடு நம் வீட்டைப் பார்த்து எழுதியதில்லை. விளையாட இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் வெற்றிடம் வேண்டும் என்று தரையைப் பற்றிச் சொல்வார்கள். தலைக்கு மேல் ஓடும் மின்விசிறியை நினைத்துப் பார்க்கிறவர்கள் குறைவு. கையை ஓங்கி வீசும் உயரமான பையனுக்கு, தாழ்ந்த கூரையுள்ள கூடத்தில் அதைவிட ஆபத்து வேறில்லை. மாட்டுவதற்கு முன் கையை நீட்டி ஒருமுறை சுற்றிப் பாருங்கள். விசிறி எட்டுமானால் அங்கே வேண்டாம். டேபிள் ஃபேன் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பயனும் உண்டு. காற்று ஒரே திசையிலிருந்து முகத்தில் படுவதால், கண் மறைந்திருந்தாலும் வாசல் எந்தப் பக்கம் என்று உடம்புக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். முற்றத்துப் படி, ஊஞ்சல் சங்கிலி, தவழும் குழந்தை இவற்றுக்குப் பக்கத்தில் ஆடக்கூடாது. ஒருவர் மாட்டியிருந்தால் இன்னொருவர் காவலுக்கு இருக்க வேண்டும்.

வெயில் அடுத்த எதிரி. லென்ஸ் பூதக்கண்ணாடிதானே? சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் காகிதத்தைப் பொசுக்கியிருப்போம். கண்ணாடியைக் கழற்றி லென்ஸ் வெளியே தெரியும்படி திண்ணையில் வைத்தால், சரிந்துவரும் வெயில் உள்ளே குவிந்து திரையைப் பொசுக்கிவிடும். சில நொடிகள் போதும். நம் மாவட்டத்து வெயிலுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. எப்போதும் உறைக்குள் போட்டு நிழலில் வையுங்கள். வியர்வை ஊறிய நுரைப்பஞ்சை ஒருவர் முகத்திலிருந்து கழற்றி அப்படியே இன்னொருவருக்கு மாட்டுவதும் கூடாது. ஊரில் மெட்ராஸ் ஐ பரவும் காலத்தில் ஒருவர் கண்ணாடியை இன்னொருவர் தொடவே வேண்டாம். லென்ஸை உலர்ந்த மென்துணியால் மட்டும் துடையுங்கள். கைகழுவும் சானிடைசர் பட்டால் பூச்சு போய்விடும். எடை அரைக்கிலோ அளவில் இருக்கும், அதுவும் முழுக்க முகத்துக்கு முன்னால். பட்டையை மூக்கை அழுத்துமாறு இறுக்காமல், பிடரியில் மண்டையோட்டின் புடைப்புக்குக் கீழே அமர்த்தினால் பாரம் தெரியாது. மின்சாரம் போனாலும் இரண்டு மணி நேரம் பேட்டரி தாங்கும்.

விளையாட்டைவிட எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது வேறொன்று. சித்தன்னவாசல் குன்றின் குடைவரையில் ஓவியம் விதானத்தில் இருக்கிறது. தாமரைக்குளம், மீன், யானை, பூப்பறிக்கும் ஆட்கள் எல்லாம் தலைக்கு மேலே. புத்தகத்தில் அச்சிட்டு மடியில் வைத்துப் பார்க்கும்போது அதைக் குனிந்து பார்க்கிறோம். ஒன்பதாம் நூற்றாண்டில் தீட்டியவன் அண்ணாந்து பார்ப்பதற்காக அல்லவா தீட்டினான்? கண்ணாடிக்குள் அதே ஓவியத்தை விதானத்திலேயே வைத்துக் காட்ட முடியும். கழுத்தை உயர்த்தினால்தான் குளம் தெரியும். அதே குன்றில் ஏழடிப்பட்டம். பாறைச் சரிவில் ஏறிப் போனால் சமணத் துறவிகளின் வழவழப்பான கற்படுக்கைகளும் தமிழி எழுத்தும். முழங்கால் வலிக்கும் எத்தனை பெரியவர்கள் அந்தக் குன்றடியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள்! 1858-ல் நம் பக்கத்துக் கோயில்களைப் பெட்டிக்குள் அடைத்து எங்கோ கொண்டுபோய்ப் பார்த்தார்கள். இன்று பெட்டி நம் வீட்டிலேயே இருக்கிறது. அதற்குள் நம் ஊர் வர வேண்டும் என்று ஏங்குகிறேன். அனுமதி வாங்கி, 360 டிகிரி கேமராவால் முறையாகப் படம் எடுத்துவைக்க நம் கல்லூரிப் பிள்ளைகளால் முடியும்.

மூன்றாவது நாள் சித்தப்பா தானாகவே கேட்டார். விளையாட்டு வேண்டாம் என்றார். தம்பி கூகுளின் தெருப்படங்களைக் காட்டும் ஒரு செயலியைத் திறந்து, தான் தங்கியிருக்கும் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினான். பத்து வருடமாக மகன் இருக்கும் ஊர், அவர் போனதில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மாட்டிவிட்டோம். கண்ணாடிக்குள் இருப்பவர் பார்ப்பது வெளியே இருப்பவருக்குத் தெரியாது என்பது இதில் பெரிய குறை. பிள்ளைகள் அவரவர் தனியாகச் சிரிப்பதற்கும் அதுதான் காரணம். ஆனால் அதே காட்சியைப் போனுக்கோ டிவிக்கோ அனுப்ப முடியும், அப்படிச் செய்துவிட்டால் வீடே சேர்ந்து பார்க்கலாம். தம்பி போனில் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

சித்தப்பா முதலில் தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெல்லத் திரும்பினார். "போஸ்ட் மரமே காணோமே, கம்பியெல்லாம் எங்க போகுது?" என்றார். "எல்லாம் தரைக்கு அடியில போகுதுப்பா." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சோறு எங்க வாங்குவ?" என்று கேட்டார். "உங்க வலது கைப்பக்கம் திரும்புங்க. அந்த நீலப் பலகை." திரும்பினார், பார்த்தார், தலையாட்டினார். "படுக்குற எடம்?"

"அப்படியே எதிர்த்தாப்ல திரும்பிக்கங்க. இப்ப அண்ணாந்து பாருங்க. இன்னும் மேல. இன்னும் கொஞ்சம் மேலப்பா. துணி காயுதுல்ல, அந்த ஜன்னல்."

நாற்காலியின் பின்பக்கம் தலை சாயும்வரை அவர் அண்ணாந்துகொண்டே போனார்.